வெந்நீரும் வீட்டுக் கணக்கும்



வெந்நீரில் நீராடுவது நமக்குப் புதிய வழக்கம் அன்று. ஐப்பசியிலும் மார்கழியிலும் பொழுது புலருமுன் அடுப்பில் செப்புத் தவலை ஏறுவதும், வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வாளியில் வெந்நீரைத் தண்ணீருடன் விளாவிக் குளிப்பதும் தலைமுறை தலைமுறையாக நாம் அறிந்தவை. அன்று ஒருவர் குளிக்க ஒரு வாளி, மிஞ்சினால் இரண்டு வாளி நீர் போதியதாக இருந்தது. இன்றோ பல வீடுகளில் குளியலறைக் கூரையிலிருந்து மழைபோல் நீரைக் கொட்டும் அகன்ற ஷவர்களைப் பொருத்துகிறார்கள். அவற்றுட் பல ஒரே நிமிடத்தில் ஒரு வாளி நீரை இறைத்துவிடுகின்றன. ஷவரை மாட்டிய பிறகு, 'வெந்நீர் இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறதே; கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ?' என்று மனம் வருந்துவோர் உண்டு. பெரும்பாலும் கடைக்காரர் ஏமாற்றுவதில்லை. கணக்குப் போடாமல் வாங்கியதுதான் காரணம். அந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய எளிய கணக்கு. அதனை இன்று நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

வெந்நீர்ச் சாதனம் வாங்கப் புறப்படுமுன் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பது முதல் எண். அந்த நீரை எத்தனை டிகிரி சூடேற்ற வேண்டும் என்பது இரண்டாவது. எத்தனை பேர், ஒருவர்பின் ஒருவராக, எத்தனை நிமிடம் குளிப்பர் என்பது மூன்றாவது.

முதல் எண்ணை அறிய ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 15 லிட்டர் கொள்ளும் வாளியை ஷவரின் கீழ் வைத்து முழுவதும் திறந்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் வாளி நிறைந்தால் உங்கள் ஷவர் நிமிடத்திற்கு ஏழரை லிட்டர் தருகிறது. இது சாதாரண ஷவர். ஒரே நிமிடத்தில் நிறைந்தால் 15 லிட்டர். இதனைப் பெருவரத்து ஷவர் எனலாம்.

இரண்டாவது எண்ணுக்கு ஒரு வெப்பமானி வேண்டும். உடலுக்கு இதமான வெந்நீர் ஏறக்குறைய 40 டிகிரி. குளிர்காலத்தில் சமவெளி ஊர் ஒன்றில் விடியற்காலைக் குழாய் நீர் 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 14 டிகிரி ஏற்ற வேண்டும். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அதே நாளில் குழாய் நீர் 14 டிகிரியாக இருந்தால் ஏற்ற வேண்டியது 26 டிகிரி. சென்னையில் குறையின்றி வேலை செய்யும் சாதனம் உதகையில் உதவாமற் போவதன் காரணம் இதனுள் அடங்கியுள்ளது.

இனி வெப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. மின்சார மானி காட்டும் ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பம் தரும். இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் எந்த விளம்பரத்தையும் நாமே சோதித்துக்கொள்ளலாம்.

தொட்டியில் சேமியாமல், குழாயில் ஓடும்போதே நீரைச் சூடேற்றும் சிறிய மின்சாரக் கருவியை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் வழக்கமாக வாங்குவது 3 கிலோவாட் ஆற்றல் உள்ளது. அது நிமிடத்திற்கு 43 கிலோ கலோரி வெப்பம் தரும். 14 டிகிரி ஏற்ற வேண்டுமானால் 43-ஐ 14-ஆல் வகுக்க வேண்டும். விடை 3 லிட்டர். உதகையில் 26-ஆல் வகுத்தால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். வாளியில் பிடித்துக் குளிப்பவர்க்கும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இக்கருவி நல்ல துணை. ஆனால் நிமிடத்திற்கு 15 லிட்டர் இறைக்கும் ஷவருக்கு இதனைப் பொருத்துவது, பத்துப் பேருக்கான உலைக்கு ஒரு கைவிளக்கின் சுடரை வைப்பது போலாகும்.

'அப்படியானால் அதிக ஆற்றல் உள்ள கருவியை வாங்கலாமே?' என்று கேட்கலாம். 15 லிட்டரை 14 டிகிரி ஏற்ற நிமிடத்திற்கு 210 கிலோ கலோரி வேண்டும். அதற்கு 14 அல்லது 15 கிலோவாட் மின்னாற்றல் தேவை. நம் வீட்டுப் பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது மூன்றரைக் கிலோவாட்டுக்குச் சற்றே கூடுதல். ஆகவே அத்தகைய கருவிக்கு மும்முனை மின் இணைப்பும், தடித்த கம்பியும், மின்வாரியத்தின் அனுமதியும் வேண்டும். உதகையிலோ 27 கிலோவாட் வேண்டும். ஆகையால், பெருவரத்து ஷவருக்கு நம் நாட்டுச் சாதாரண மின் இணைப்பில் வெப்பத்தை முன்கூட்டியே சேமித்து வைப்பதே வழி.

சேமித்து வைப்பது என்றால் தொட்டியுள்ள ஹீட்டர். 25 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 26 டிகிரி நீரை 60 டிகிரிக்கு ஏற்ற 850 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். 2 கிலோவாட் கருவிக்கு அரைமணி நேரம் பிடிக்கும். அந்த 60 டிகிரி நீரைத் தண்ணீருடன் விளாவினால் 40 டிகிரி நீர் 61 லிட்டர் கிடைக்க வேண்டும். ஆனால் தொட்டியிலிருந்து வெந்நீர் வெளியேற வெளியேற, அடியிலிருந்து தண்ணீர் உட்புகுந்து கலக்கிறது. ஆதலால் முக்காற்பங்கையே நம்பலாம். அது 46 லிட்டர். சாதாரண ஷவரில் இது ஆறு நிமிடம் வரும். பெருவரத்து ஷவரில் மூன்றே நிமிடம். வெந்நீர் விரைவில் தீர்ந்துவிடுகிறது என்ற வருத்தத்திற்கு விடை இதுவே. தொட்டியும் பழுதில்லை, ஷவரும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மூன்றாவது எண்ணுக்கு வருவோம். ஒரு வீட்டின் வெந்நீர்ச் சாதனத்தை எந்த நாளை வைத்து அளப்பது? தீபாவளி வைகறையை வைத்து அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அன்று எல்லோரும் விடியுமுன் குளித்தாக வேண்டும். எண்ணெய் தேய்த்திருப்பதால் வெந்நீர் தாராளமாக வேண்டும். அடைமழைக் காலமாகையால் முதல் நாள் வெயிலையும் நம்ப முடியாது. அந்த ஒரு காலைக்கு ஈடுகொடுக்கும் சாதனம் ஆண்டு முழுவதற்கும் ஈடுகொடுக்கும்.

நால்வர், ஆளுக்கு ஆறு நிமிடம், நிமிடத்திற்கு 15 லிட்டர் எனில், மொத்தம் 360 லிட்டர். இதற்குச் சமவெளியில் 60 டிகிரி வெந்நீர் 148 லிட்டர் வேண்டும். முக்காற்பங்கு விதியை நினைத்தால் தொட்டி 200 லிட்டர் கொள்ள வேண்டும். மின்சாரச் செலவு ஏறக்குறைய 6 யூனிட். இதே குடும்பம் ஏழரை லிட்டர் ஷவரைக் கொண்டால் 100 லிட்டர் தொட்டியும் 3 யூனிட்டும் போதும். உதகையில் இருப்பவரோ, பெருவரத்து ஷவருக்கு 270 லிட்டர் தொட்டியும், சாதாரண ஷவருக்கு 135 லிட்டர் தொட்டியும் தேட வேண்டியிருக்கும். ஷவரின் வாயை அகலமாக்கும்போது தொட்டியையும் மின்கட்டணத்தையும் சேர்த்தே அகலமாக்குகிறோம் என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

இவ்வளவு பெரிய தொட்டியை மின்சாரக் கம்பிச்சுருளால் மட்டும் நாள்தோறும் காய்ச்சுவது சிக்கனமாகாது. அதற்குச் சூரிய வெப்பம் கைகொடுக்கிறது. 1891-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் சூரிய வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்று விற்பனை செய்தார். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருநிறத் தொட்டிகளை வைத்ததே அவருடைய உத்தி. இன்றைய கருவிகள் தகடாலோ கண்ணாடிக் குழல்களாலோ வெயிலை வாங்கி, உறையிட்ட தொட்டியில் வெந்நீரைச் சேமிக்கின்றன. தட்டையான தகடு வகையில் நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் தகடு வேண்டும். தமிழ்நாட்டில் அதனைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பது முறை. பக்கத்து மாடியின் நிழலோ தென்னையின் நிழலோ அதன்மேல் விழலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்காகத் தொட்டிக்குள் ஒரு மின்சாரச் சுருளும் இருத்தல் அவசியம். வெயிலை மட்டும் நம்பியவர்க்குத் தீபாவளியன்று தண்ணீர்க் குளியலே கிட்டும்.

மாடியில் இடமோ உரிமையோ இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பினர்க்கு இன்னொரு வழி உண்டு. 'ஹீட் பம்ப்' எனப்படும் கருவி, குளிர்பதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்வது. குளிர்பதனப் பெட்டி தன்னுள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இதுவோ வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இறைத்துத் தொட்டி நீருக்குள் சேர்க்கிறது. மின்சாரம் இறைக்கும் வேலைக்கு மட்டும் செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். 6 யூனிட் கேட்ட தீபாவளிக் குளியல் 2 யூனிட்டில் முடிந்துவிடும். விலை அதிகம், இடம் வேண்டும், சூடேறச் சில மணி நேரம் பிடிக்கும், மலையூர்க் குளிர்காற்றில் இதன் திறன் குறையும். இவை இதன் குறைகள்.

இனி நான் சொல்லப்போவதை நேயர்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். சமையல் வாயுவால் இயங்கும் கீசர் விலை மலிவானது. சேமிக்கும் தொட்டி இல்லாமலே நீரைத் தாராளமாகச் சூடேற்றித் தரும். 25 டிகிரி ஏற்றி நிமிடத்திற்கு 6 லிட்டர் தருவதாகக் குறித்த கருவி, சமவெளியில் 14 டிகிரி ஏற்றினால் போதுமென்னும்போது 10 லிட்டருக்கு மேல் தரும். அதனைவிடப் பெரியது 15 லிட்டர் ஷவருக்கும் ஈடுகொடுக்கும். கணக்கை மட்டும் பார்த்தால் இதுவே முதல் பரிசுக்கு உரியது. ஆனால் இக்கணக்கில் நான்காவது எண் ஒன்று உண்டு. அது காற்று.

6 லிட்டர் கருவி முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு செலவாகும். ஒரு கிலோ வாயு செம்மையாக எரிய 12 கன மீட்டர் காற்றாவது வேண்டும். ஐந்தடி அகலம், ஏழடி நீளம், எட்டடி உயரம் உள்ள குளியலறையின் மொத்தக் காற்றே 8 கன மீட்டருக்குள் அடங்கும். கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி நால்வர் அடுத்தடுத்து 24 நிமிடம் குளித்தால், அடுப்பு மட்டுமே அந்த அறைக் காற்றில் பாதிக்கு மேல் கேட்கும். பிராணவாயு குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரியும். அப்போது பிறக்கும் நச்சு வாயுவே கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்த நச்சுவாயுவைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலியும் கிறுகிறுப்பும். பின்னர் கைகால் சோர்வு. உதவிக்குக் கூப்பிட நினைக்கும்போது குரல் எழாது. தாழிட்ட குளியலறைகளில் இவ்வாறு உயிர் நீத்தோர் நம் நாட்டில் பலர்.

1868-இல் லண்டன் நகரத்துப் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் வாயுவால் நீரைச் சூடேற்றும் குளியற் கருவியைச் செய்து, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் 'கீசர்' என்ற பெயரை அதற்குச் சூட்டினார். நாம் இன்று எல்லா வெந்நீர்க் கருவிக்கும் வழங்கும் பெயர் அதுதான். அக்கருவியில் புகை வெளியேறும் குழாய் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அதே குறையை நம் குளியலறைக்குள் நாமே வரவழைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகுமா? வாயுக் கீசர் வாங்குவோர் அதனைக் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திலோ மாட்டி, வெந்நீரைக் குழாய் வழியாக மட்டுமே உள்ளே கொணர வேண்டும். அதற்கு இடமில்லையேல் அந்தக் கருவியே வேண்டா. குளியலறையின் காற்றுப்போக்கியை நம்பி உள்ளே மாட்டலாம் என்று பொருத்துபவர் சொன்னால் இசையாதீர்கள். காற்றுப்போக்கியை ஒருநாள் யாரேனும் போட மறக்கக்கூடும்.

சாதனம் தேர்ந்தாயிற்று, நீர் வருமா என்பது அடுத்த கேள்வி. மாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்தால், அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பார் கூடும். மேல்மாடிக் குளியலறைக்குத் தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், அழுத்தம் 0.3 பார். அகன்ற மழை ஷவர்கள் பலவற்றிற்கு ஒரு பார் அளவாவது வேண்டும். ஆகவே கடையில் மழையாகக் கொட்டிய ஷவர் வீட்டில் சொட்டுவதும் உண்டு. அழுத்தம் கூட்டும் பம்ப் வைப்பதானால், வெந்நீர்க் கிளையும் தண்ணீர்க் கிளையும் பிரிவதற்கு முன்பே வைக்க வேண்டும். ஒரு கிளைக்கு மட்டும் வைத்தால், வலுவான நீர் வலுவற்றதை எதிர்த்துத் தள்ளி, விளாவல் கெட்டுப்போகும். ஹீட்டர் தொட்டி எத்தனை பார் தாங்கும் என்று அதன்மேல் குறித்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் நீளமும் கவனிக்கத்தக்கது. 20 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள குழாய் பத்து மீட்டருக்கு 3 லிட்டர் நீரைத் தன்னுள் கொள்ளும். மாடியிலுள்ள வெந்நீர் ஷவரை அடையுமுன் அந்தக் குளிர்ந்த நீர் முழுவதும் வடிய வேண்டும். ஆகையால் தொட்டிக்கும் குளியலறைக்கும் தொலைவு குறைவாக இருப்பதும், வெந்நீர்க் குழாய்க்கு உறையிடுவதும் நன்று. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் பயன்படுத்துவோர், தொட்டிக்குள் படியும் சுண்ணாம்புப் படிவை ஆண்டுக்கொரு முறையேனும் நீக்கச் செய்து, தன்னைத் தேய்த்துத் தொட்டியைக் காக்கும் மெக்னீசியக் கோலையும் சோதித்து மாற்ற வேண்டும்.

பாதுகாப்புக்கு உரியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சார ஹீட்டருக்கு நிலத்தொடர்புக் கம்பி முறையாக இருத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அந்த வழியில் இருத்தல் வேண்டும். தொட்டியின் மிகை அழுத்தத்தை வெளிவிடும் வால்வை ஒழுகுகிறதென்று அடைத்துவிடலாகாது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மூண்ட ஒரு நுரையீரல் நோயை ஆராய்ந்தபோது லெஜியோனெல்லா என்னும் கிருமி அறியப்பட்டது. இளஞ்சூட்டு நீரில் அது நன்கு வளரும். ஆதலால் பெரிய தொட்டியின் நீரை 60 டிகிரிக்கு ஏற்றி வைப்பது நலம். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில், விளாவும் குழாய் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் வகையாக இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்தபின், எதனை வாங்குவது? ஓரிருவர் மட்டும் உள்ள சமவெளி வீட்டுக்கு, ஏழரை லிட்டர் ஷவருடன் 25 லிட்டர் மின்சாரத் தொட்டி அமையும். ஒருவர் குளித்தபின் அரைமணி இடைவெளி விட வேண்டும். நால்வர் உள்ள தனி வீட்டுக்கு, மின்சாரத் துணையுடன் கூடிய சூரியக் கருவியை முதலில் எண்ணலாம். மாடியில்லாதவர் ஹீட் பம்ப்பை எண்ணலாம். மலையூர்க்காரர் தொட்டியை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் கொள்ள வேண்டும். எதனை வாங்கினும் நட்சத்திரக் குறியீட்டைப் பாருங்கள். தொட்டி சும்மா இருக்கும்போது இழக்கும் வெப்பம் எவ்வளவு என்பதை அது உணர்த்தும். ஷவரைக் கடைசியில் வாங்குங்கள்.

இறுதியாக ஒன்று. பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் வகுக்கும்போது, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது மத்திய அரசின் வழிகாட்டு முறை. சமையல், துவையல், குளியல் எல்லாம் அதனுள் அடங்கும். பெருவரத்து ஷவரில் ஆறு நிமிடக் குளியல் மட்டும் 90 லிட்டரைக் கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். வெந்நீரை மிச்சப்படுத்துபவர் விறகையோ மின்சாரத்தையோ மட்டும் மிச்சப்படுத்துவதில்லை, நீரையும் மிச்சப்படுத்துகிறார். நுண்துளிகளாகத் தூவும் ஏழரை லிட்டர் ஷவரும் உடலை நன்றாகவே நனைக்கும். நாளைக் காலை வாளியையும் கடிகாரத்தையும் எடுத்து உங்கள் ஷவரை ஒருமுறை அளந்து பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.